மூடியில் தடவிய நெய்

தினமும் பகல் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால், ரெங்கம் டவுனில் இருக்கும் சிக்கந்தரின் கடையில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். சமையல்காரர் சின்னத்தம்பி ஒரு தட்டில் ஒரு பிடி நெய்ச்சோறும், ஓரமாய்க் கொஞ்சம் தாளிச்சாக் குழம்பும் வைத்து, உள்ளேயிருந்து கல்லாவுக்குக் கொண்டுவருவார். சிக்கந்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். முதலில் முகர்வார். முகம் மலரும். பிறகு ஒரு வாய் அள்ளிப் போடுவார். மலர்ந்த முகம் அப்படியே வாடிவிடும்.

“என்னமோ கொறையுது,” என்பார்.

“என்னா பாய் கொறையுது?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? என்னமோ கொறையுது.”

சின்னத்தம்பி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். இரண்டு வருஷமாய் இதே பேச்சு. என்ன குறைகிறது என்பது அந்தக் கடையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சின்னத்தம்பி. இன்னொருவர் சிக்கந்தரின் மனைவி சுலைஹா. குறைந்தது வேறொன்றும் இல்லை, நெய்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிக்கந்தரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, கொழுப்பு தாறுமாறாய் ஏறிக் கிடக்கிறது, நெய்யைக் குறையுங்கள் என்று சொன்னார்கள். “நெய்ச்சோத்துக் கடைக்காரன் ரத்தத்துல நெய் ஓடாம சோயா சாஸா ஓடும்?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்ட மனுஷன் அவர். அவரிடம் வாதாடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று முப்பது வருஷக் குடித்தனத்தில் சுலைஹா படித்திருந்தாள். அதனால் வாதாடவில்லை. மறுநாளே அடுப்பில் ஒரு சின்னச் சட்டி ஏறியது.

பெரிய சட்டி கடைக்கு. அதில் வழக்கம்போல நெய் மிதக்கும். சின்னச் சட்டி சிக்கந்தருக்கு மட்டும். அதில் பட்டை, கிராம்பு, மணக்கும் பாண்டான் இலை எல்லாம் உண்டு. நெய் மட்டும் ஒரு சொட்டு கிடையாது. சோறு வெந்து இறங்கியதும் சுலைஹா விரலால் துளி நெய்யைத் தொட்டு, மூடியின் உட்பக்கம் தடவி மூடிவிடுவாள். திறந்தால் தெரு முனை வரைக்கும் மணக்கும். மூக்குக்கு நெய், வயிற்றுக்கு வெறும் சோறு.

இந்த விளையாட்டு இவ்வளவு நாள் ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. சமையல்கட்டுக்குள் சிக்கந்தருக்கு அனுமதி இல்லை. அவர் உள்ளே போனால் சமையல்காரரோடு சண்டை வராமல் திரும்பமாட்டார். அப்படிச் சண்டை போட்டே மூன்று சமையல்காரர்களை விரட்டியவர். சின்னத்தம்பி வேலைக்குச் சேர்ந்த அன்று, “பாய் கல்லாவைத் தாண்டி உள்ளே வந்தா நான் பின்வாசல் வழியா வெளிய போயிருவேன்,” என்று தெளிவாய்ச் சொல்லிவிட்டார். நல்ல சமையல்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுலைஹா புருஷனைக் கல்லாவோடு நிறுத்திவிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வலி வரும்வரை.

வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும். அங்கிருந்து முதுகுக்கு ஏறித் தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிக்கந்தர் சாய்வு நாற்காலியில் புழுப்போல் நெளிவார். “வாயுதான், சோடா குடிச்சா போயிடும் லா,” என்பார். சோடா குடிப்பார். வாயு போகும், வலி போகாது. பிறகு தானாகவே அடங்கும். தினமும் வருவதில்லை. பெரும்பாலும் கடை விடுமுறையான திங்கட்கிழமைச் சாயங்காலங்களில்தான் வந்தது. ஓய்வெடுக்கிற அன்றைக்கு ஒரு மனுஷனுக்கு வலி வருமா என்று சுலைஹா அலுத்துக்கொள்வாள்.

அவர் ஓய்வெடுத்ததாகவும் சொல்ல முடியாது. வயசான காலத்தில் சிலருக்குப் புறா வளர்க்கத் தோன்றும், சிலருக்கு அரசியல் பேசத் தோன்றும். சிக்கந்தருக்குப் பூச்சட்டி வாங்கத் தோன்றியது. திங்கட்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு, மண்சட்டிக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமுக்குப் போய்விடுவார். திரும்பும்போது ஒரு பூச்சட்டி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் சட்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றிலாவது ஒரு மிளகாய்ச் செடி வைத்தாரா என்றால் இல்லை. மழைத்தண்ணீர் தேங்கி, கொசு ஒழிப்பு ஆட்கள் வந்து சுலைஹாவுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனதுதான் மிச்சம். அவள் எல்லாச் சட்டியையும் கவிழ்த்து வைத்தாள். அவர் அடுத்த வாரம் இன்னொன்று வாங்கி வந்தார்.

ஒரு திங்கட்கிழமை வலி வழக்கத்தைவிட நீண்டது. மறுநாளே சுலைஹா அவரைப் பிடித்து மைவி காரில் உட்காரவைத்து, குளுவாங்கில் இருக்கும் டாக்டர் வாசுகியிடம் கொண்டுபோய்விட்டாள். வாசுகி ரெங்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிக்கந்தர் கடையில் சாப்பிட்டவர். விலாவில் அமுக்கிப் பார்த்துவிட்டு, “பித்தப்பைதான் சந்தேகம் அங்கிள். வெறும் வயித்தோட வாங்க. மொதல்ல ஒரு ஸ்கேன். அப்புறம் கொழுப்பா ஏதாவது சாப்பிடணும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். பை எவ்வளவு சுருங்குதுன்னு பார்க்கணும்,” என்றார்.

“கொழுப்பான்னா?”

“நாங்களே பாக்கெட்ல கிரீம் பால் குடுப்போம்.”

சிக்கந்தர் நாற்காலியில் நிமிர்ந்தார். “முப்பது வருஷமா நெய்ச்சோத்துக் கடை வச்சிருக்கேன். என்னைப் பாக்கெட் பால் குடிக்கச் சொல்றீங்களா? என் கடைச் சோத்துல இல்லாத கொழுப்பா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான் அங்கிள். உங்க கடைச் சோறே கொண்டு வந்துடுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலைஹா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஏதோ சோறு, ஏதோ ஸ்கேன் என்றுதான் நினைத்தாள். சோதனை நாளில் பழக்கதோஷத்தில் கை சின்னச் சட்டியைத்தான் திறந்தது. அடுக்குப்பாத்திரத்தில் சோற்றை நிரப்பி, மறக்காமல் அதன் மூடியிலும் நெய் தடவினாள்.

சோதனை முடிந்து டாக்டரின் அறையில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் வேறு திசையில் போவது தெரிந்தது. வாசுகி முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார்.

“அங்கிள், ஈரல் நாள் முழுக்கப் பித்தநீர் சுரந்துகிட்டே இருக்கும். அது பித்தநாளம்ங்கிற குழாய் வழியா எறங்கி சிறுகுடலுக்குப் போகணும். குழாய் போய் முடியிற எடத்துல ஒரு தசை வளையம் இருக்கு. சுருக்குப்பை வாய் மாதிரி. நீங்க சாப்பிடாத நேரத்துல அது இறுக்கமா மூடியிருக்கும். வழி மூடியிருந்தா பித்தநீர் என்ன செய்யும்? பக்கத்துக் குழாய்ல மேல ஏறிப் பித்தப்பையில போய்ச் சேரும். அங்க தண்ணி வத்தி வத்திக் கெட்டியாகும்.”

“ஆணம் சுண்டுற மாதிரி,” என்றார் சிக்கந்தர். அவருக்கு உலகத்தில் எல்லாமே ஏதாவது ஒரு குழம்புதான்.

“அதேதான். இப்ப நீங்க நெய்யோ எண்ணெயோ சாப்பிடுறீங்க. கொழுப்பு சிறுகுடலுக்கு வந்து சேர்ந்ததும், குடல் சுவரே ரத்தம் வழியா ஒரு சேதி அனுப்பும். சேதி கெடைச்சதும் ரெண்டு வேலை சேர்ந்து நடக்கணும். மேல பித்தப்பையோட தசை சுருங்கிப் பிழியணும். கீழ வளையம் தளர்ந்து வழி விடணும். அப்பத்தான் பித்தநீர் குடலுக்கு வந்து கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியா உடைக்கும்.” டாக்டர் பேனாவை வைத்தார். “உங்க பை பிழியவே இல்ல. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு கத்தரிக்கா அளவு இருந்துச்சு. அவ்வளவு நெய்ச்சோறு சாப்பிட்ட பிறகும் அதே கத்தரிக்காதான். இது வேலை செய்யாத சோம்பேறிப் பை.”

“எங்க பரம்பரையில சோம்பேறியே கிடையாது,” என்றார் சிக்கந்தர் கோபமாய்.

“கல்லு இல்ல. ஆனா பை வேலை செய்யல, வலியும் வருது. எடுத்துடறதுதான் நல்லது. சர்ஜன்கிட்ட எழுதிக் குடுக்கறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னாடி முடிச்சிடலாம்.”

சிக்கந்தரின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. “எடுத்துட்டா… நெய்ச்சோறு?” என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. பை இல்லாமலும் எத்தனையோ பேர் நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பித்தப்பை இல்லாத நெய்ச்சோற்றுக் கடைக்காரன் என்று ஊர் பேசும் பேச்சு அவர் காதில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது.

சுலைஹாவின் காதிலோ ஒரே ஒரு வார்த்தை நின்று சுற்றிக்கொண்டிருந்தது. கொழுப்பு வந்து சேர்ந்தால்தான் சேதி. சேதி போனால்தான் பை பிழியும். அவர் சாப்பிட்ட சோற்றில் கொழுப்பு எங்கே இருந்தது? பாவம் அந்தப் பை, யாரும் கூப்பிடாததால் சும்மா இருந்திருக்கிறது. அதைப் போய்ச் சோம்பேறி என்று வெட்டப் பார்க்கிறார்கள்.

கார் வரை போய்விட்டு, “ஐயோ, குடையை விட்டுட்டேன்,” என்று அவள் மட்டும் திரும்பி ஓடினாள். குடை அவள் கக்கத்தில்தான் இருந்தது. டாக்டரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “டாக்டர், அந்தச் சோத்துல நெய்யே இல்ல,” என்றாள்.

“என்ன ஆண்டி?”

சுலைஹா சின்னச் சட்டி, பெரிய சட்டி, மூடி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சர்ஜனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நான்காய்க் கிழித்தார்.

“அப்ப இந்த டெஸ்ட் செல்லாது. மறுபடி செய்யணும். இந்தத் தடவை நெஜமான கொழுப்பு வேணும் ஆண்டி. இதுலயும் பை சுருங்கலைன்னா ஆபரேஷன்தான். நல்லா சுருங்கிட்டா வெட்டவே வேணாம்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒண்ணு புரியல. நெய்யே சாப்பிடாதவருக்கு இந்த மாதிரி வலி ஏன் வருது? கொழுப்பு சாப்பிடறவங்களுக்குத்தானே வரும்?”

சுலைஹா கக்கத்துக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பினாள்.

சிக்கந்தரிடம், “இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்யணுமாம், வேற எடத்துச் சோறுதான் வேணுமாம்,” என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்கும் கோபித்துக்கொண்டார். ஆனால் கத்திப் பயத்தில் கோபம் ரொம்பத் தூரம் போகவில்லை.

பாக்கெட் பாலை அவர் தொடமாட்டார். இப்போது நெய்க்கு எங்கே போவது? தன் கடைப் பெரிய சட்டிச் சோற்றைக் கொடுத்தால் முதல் வாயிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். மற்ற கடைகளை நம்ப முடியாது. பாதிப்பேர் வெறும் எசன்ஸை ஊற்றி நெய் என்று எழுதிவைக்கிறார்கள். சொட்டுக் கலப்படம் இல்லாத நெய்ச்சோறு என்றால் அவளுக்குத் தெரிந்து இன்னும் ஒரே ஒரு கை இருந்தது. அவள் தம்பி ஹாரூனின் கை.

அங்கேதான் சிக்கல். ஹாரூனும் சிக்கந்தரும் ஒரே கடையில் ஒன்றாய் நின்றவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, “ஏலக்காய அள்ளிக் கொட்டுறியே, இது சோறா அத்தர் கடையா?” என்று சிக்கந்தர் கேட்டுவிட்டார். ஹாரூன் இடுப்புத் துண்டை அவிழ்த்து மேசையில் வீசிவிட்டுப் போனவன்தான். ஆயர் ஈத்தாமில் தனிக்கடை போட்டுவிட்டான். “அவன் கடை வாசலை மிதிச்சா என் பேரு சிக்கந்தர் இல்ல,” என்று இவர் சபதம் போட்டார். அன்றிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் சுலைஹா மட்டும் தம்பி வீட்டுக்குப் போய்வருவாள்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் ஹாரூன், “மச்சானுக்கா? ஆபரேஷனா?” என்று பதறினான். “நானே கொண்டாந்து தர்றேன் லாத்தா,” என்றான். சபதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சுலைஹா உருகிப்போனாள்.

இரண்டாவது சோதனை நாள். சிக்கந்தரின் முதல் ஸ்கேன் முடிந்ததும் சுலைஹா வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் ஹாரூன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. மத்தியான வெயிலில் உள்ளே அவன் பாதி வெந்திருப்பான்.

“எலுமிச்சை ஊறுகா தனியா வச்சிருக்கேன் லாத்தா. தாளிச்சாவுல கத்தரிக்கா போடல. மச்சானுக்கு இப்பல்லாம் அது ஒத்துக்கறதில்ல.”

“இப்பல்லாம் ஒத்துக்கறதில்லைன்னு உனக்கு யாரு சொன்னா?”

ஹெல்மெட், கண்ணாடி மறைப்பைக் கீழே இறக்கிக்கொண்டது. “சோறு ஆறுது லாத்தா, போங்க,” என்றது.

ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சிக்கந்தர் பசியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். சுலைஹா பொட்டலத்தைப் பிரித்து அடுக்குப்பாத்திர மூடியில் கொட்டி நீட்டினாள். “பக்கத்துக் கடையில வாங்குனேன். சுமாராத்தான் இருக்கும், சாப்பிடுங்க.”

அவர் முகர்ந்தார். முகம் மலர்ந்தது. ஒரு வாய் அள்ளிப் போட்டார். மலர்ந்த முகம் வாடவில்லை. இன்னொரு வாய். இன்னொரு வாய். இரண்டு வருஷமாய் அவர் அப்படிச் சாப்பிட்டு சுலைஹா பார்த்ததில்லை. சோற்றை விரலால் கிளறிக்கொண்டே அவர் சொன்னார்:

“முந்திரி கம்மியா போட்டிருக்கான். போன தடவை இதுக்கு ரெண்டு பங்கு இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கை பாதி வழியில் நின்றது.

“போன தடவைன்னா?” என்றாள் சுலைஹா மெதுவாய்.

“அது… ஹாரூன் கை மாதிரி இருந்துச்சு. பழைய ஞாபகம்.”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி போட்ட முந்திரியை இப்பதான் எண்ணுறீங்களோ?”

அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சுலைஹாவின் மனசில் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும் சட்டிகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்து எழுந்தன. திங்கட்கிழமை. ஆயர் ஈத்தாம். சாயங்கால வலி. கத்தரிக்காய் போடாத தாளிச்சா.

“அப்ப அந்தப் பூச்சட்டி எல்லாம்?”

“சட்டி வாங்காம வந்தா நீ சந்தேகப்படுவியே,” என்றார் சிக்கந்தர், எல்லாமே அவள் நன்மைக்குத்தான் என்பதுபோல.

“அல்லாவே! வாசலை மிதிச்சா பேரை மாத்திக்கறேன்னு சொன்ன மனுஷன் இல்ல நீங்க?”

“மிதிக்கல. பின்வாசல் வழியா போவேன்.”

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். தப்பு செய்தவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அவ்வளவு சுலபத்தில் நிறுத்தமாட்டார். “சரி, நீ என்ன செஞ்ச? ஹாரூன் சோத்தைப் பக்கத்துக் கடைச் சோறுன்னு ஏன் பொய் சொல்ற? கொழுப்பு வேணும்னா நம்ம கடைச் சோறு இல்லையா? போன தடவை அதைத்தானே சாப்பிட்டேன்? அதுல என்ன கொறை?”

என்ன குறை. இரண்டு வருஷமாய்க் கேட்ட அதே கேள்வி. சுலைஹாவுக்கு இனி ஒளிக்கத் தெம்பில்லை.

“நெய்தான் கொறை,” என்றாள். “உங்களுக்கு மட்டும் சின்னச் சட்டியில தனியா ஆக்குறேன். அதுல நெய் கிடையாது. மூடியில மட்டும் தடவுவேன். ரத்தத்துல கொழுப்புன்னு சொன்னாங்க. நீங்க கேக்கமாட்டீங்க. நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்?”

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அறைக் கண்ணாடி அதிரும், நர்ஸ் ஓடி வருவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. பார்த்தால், சிக்கந்தரின் கண் கலங்கியிருந்தது.

“அப்ப… என் நாக்கு நல்லாத்தான் இருக்கா?” என்று கேட்டார்.

“என்ன?”

“சாப்பிட வர்றவன் எல்லாம், பாய், அதே கை, அதே ருசின்னு சொல்லிட்டுப் போறான். எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. மணம் வருது, ருசி வரல. என் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன், சுலைஹா. நாக்குச் செத்தவன் சாப்பாட்டுக் கடைக் கல்லாவுல உக்காரலாமா? அதைச் சோதிச்சுப் பார்க்கத்தான் ஹாரூன் கடைக்குப் போனேன். அங்க நெய்யும் தெரியுது, ஏலக்காயும் தெரியுது. அப்ப நாக்கு நல்லா இருக்கு, நம்ம சோறுதான் செத்துப்போச்சு. வர்றவங்க எல்லாம் எனக்காகப் பாவம் பார்த்துப் புகழுறாங்கன்னு நெனச்சேன். ஹாரூன் ஜெயிச்சுட்டான். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

சுலைஹா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் ரத்தத்தை அவள் அவ்வளவு பத்திரமாய்ப் பார்த்துக்கொண்டாள். கல்லாவில் உட்கார்ந்து ஒரு மனுஷன் தினமும் இப்படிக் கரைந்துகொண்டிருந்தது அவள் கண்ணில் படவே இல்லை. “என்னமோ கொறையுது” என்று அவர் சொன்னபோதெல்லாம் அவளும் சின்னத்தம்பியும் உள்ளே சிரித்திருக்கிறார்கள். அதை நினைத்து அவளுக்கு அழுகை பொங்கிவந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

கதவு திறந்து டாக்டர் வாசுகி எட்டிப் பார்த்தார். “அங்கிள், ஆண்டி, அழறதை அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல சோத்தை முடிங்க. எனக்கு நேரம் ஓடுது.”

சிக்கந்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடித்தார். கடைசி முந்திரியைத் தேடி எடுத்து சுலைஹாவின் கையில் வைத்தார்.

இரண்டாவது ஸ்கேனில் சுலைஹா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் புரியவில்லை, கறுப்பும் சாம்பலுமாய் மழை மேகம்போல் இருந்தது. டாக்டர் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். சிக்கந்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

“கத்தரிக்கா இப்ப வெண்டைப் பிஞ்சு ஆயிடுச்சு,” என்றார் டாக்டர். “எவ்வளவு அழகாப் பிழிஞ்சிருக்கு பாருங்க. இதையா வெட்டறது?”

“நான் சொல்லல? எங்க பரம்பரையில சோம்பேறியே கிடையாது,” என்றார் சிக்கந்தர், கண்ணைத் திறக்காமலே.

வலிக்கு என்ன காரணம் என்பதும் டாக்டருக்கு இப்போது பிடிபட்டது. பின்வாசல் கதையைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அலமாக், அங்கிள்! வாரம் முழுக்க நெய் இல்ல. சேதி சரியாப் போகல. பித்தநீர் பையிலயே கெடந்து கெட்டியாகுது. திங்கக்கிழமை ஆனதும் திடீர்னு எத்தனை தட்டு?”

“ரெண்டு,” என்றார் சிக்கந்தர். சுலைஹா பார்த்த பார்வையில், “மூணு,” என்று திருத்தினார்.

“பை முழு பலத்தோட பிழியுது. கீழ இருக்கற வளையம் தளர்ந்து வழி விடாம இறுக்கிப் பிடிச்சுக்குதுன்னுதான் நெனக்கறேன். ஒண்ணு பிழியும்போது இன்னொண்ணு விட்டுக் குடுக்கணும். ரெண்டும் சேர்ந்து இறுக்கினா வலிக்காம என்ன செய்யும்? வளையம் தளர மாத்திரை தர்றேன். இந்தப் பட்டினியும் வேணாம், அந்த விருந்தும் வேணாம். தினமும் கொஞ்சமா நெய் சேர்த்துக்கலாம்.”

“தினமுமா?” சிக்கந்தர் படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“டீ ஸ்பூன்ல அங்கிள். உங்க கடைக் கரண்டியில இல்ல.”

வெளியே வந்தபோது ஹாரூன் இன்னும் வெயிலில் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட்டும் தலையிலேயே இருந்தது. சிக்கந்தர் நேராய் அவனிடம் போனார். ஹெல்மெட்டின் உச்சியில் விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

“முந்திரி கம்மி,” என்றார்.

“பித்தப்பைக்கு முந்திரி எதுக்கு மச்சான்?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு, “வெட்டச் சொல்லிட்டாங்களா?” என்று கேட்டது.

“வெட்டல. கழட்டுடா அதை. வெந்து சாகப் போற.”

மறுநாள் பகல் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால், சின்னத்தம்பி வழக்கம்போலத் தட்டைக் கழுவி எடுத்து வைத்தார். எடுத்துப் போக வேண்டியிருக்கவில்லை. சிக்கந்தர் கல்லாவை விட்டு எழுந்து, சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். இடது காலை உள்ளே வைத்தார். சின்னத்தம்பியின் கண் தானாகப் பின்வாசல் பக்கம் போனது. ஆனால் சதியில் அவருக்கும் பங்கு இருந்ததால் ஓடாமல் நின்றார்.

சிக்கந்தர் அவரைப் பார்க்கவே இல்லை. பெரிய சட்டியின் முன்னால் போய் நின்றார். மூடியைத் திறக்கக் கை போய், திரும்பி வந்தது. பிறகு சுலைஹாவைப் பார்த்தார். அவள்தான் திறந்தாள். டாக்டர் சொன்ன அளவில், சின்ன ஸ்பூனில், சோற்றை மேலாக எடுத்து நீட்டினாள்.

அவர் முகரவில்லை. வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ தே தாரிக் டீ கேட்டுக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. அவர் மென்றுகொண்டே இருந்தார். ஒரு ஸ்பூன் சோற்றை அவ்வளவு நேரம் மென்ற மனுஷனை அந்த அடுப்பு பார்த்திருக்காது. விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் கொறையல,” என்றார்.

சின்னத்தம்பி மூச்சு விட்டார். சுலைஹா மூக்கைத் துடைத்துக்கொண்ட அந்த நேரத்தில் சிக்கந்தரின் கை நைசாய்ப் பெரிய கரண்டியைத் தேடிப் போனது.

அவள் மூடியை எடுத்துச் சட்டியை டப்பென்று மூடினாள்.